எண்ணெய் எரிகிறதா, ஆவி எரிகிறதா?

மார்கழி மாதத்து அதிகாலை. தலைக்குத் தடவத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுக்கிறீர்கள். கவிழ்த்தால் எண்ணெய் விழவில்லை. வெண்ணெய்போல் கட்டியாக இருக்கிறது. அதே அலமாரியில் இருக்கும் நல்லெண்ணெயோ தண்ணீர்போல் ஓடுகிறது.

இரண்டும் எண்ணெய்தான். இரண்டின்மீதும் பட்ட குளிர் ஒன்றுதான். பின் ஏன் இந்த வித்தியாசம்?

ஒவ்வொரு திரவத்துக்கும் சில உஷ்ண எல்லைகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட உஷ்ணத்துக்குக் கீழே போனால் அது உறைந்து கட்டியாகும். அதற்கு உறைநிலை என்று பெயர். ஒரு குறிப்பிட்ட உஷ்ணத்தை எட்டினால் அது கொதிக்கும். அது கொதிநிலை. எரியக்கூடிய திரவங்களுக்கு மூன்றாவதாக ஓர் எல்லையும் உண்டு. அதுதான் தீப்பற்று நிலை.

முதல் இரண்டும் பலருக்குத் தெரியும். மூன்றாவதைக் கேள்விப்படாதவர்களே அதிகம். ஆனால், வீட்டில் உயிரைக் காப்பாற்ற உதவும் அறிவு அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது!

தண்ணீர் 0 டிகிரியில் உறைகிறது. 100 டிகிரியில் கொதிக்கிறது. (இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் சென்டிகிரேடு கணக்கு.) தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். நல்லெண்ணெய் உறைய வேண்டுமானால் பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும். நம் ஊர் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. காரணம் இவ்வளவுதான்.

பனங்காட்டு அடுப்பு

தூத்துக்குடிக்குத் தென்மேற்கே இருக்கிறது சாயர்புரம். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப், 1840களில் தங்கிப் பள்ளி நடத்திய ஊர் இது. சுற்றிலும் செம்மண்ணும் பனைமரமும் உள்ள பூமி. கொதிநிலை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, இந்தப் பக்கத்துக் கருப்பட்டி அடுப்பைப் பார்த்தாலே போதும்.

பனங்காட்டில் ஓலையால் ஒரு குடிசை போடுவார்கள். அதற்கு விடிலி என்று பெயர். பனையேறி இறக்கிவந்த பதநீரை, வீட்டுப் பெண்கள் அந்த விடிலியில் காய்ச்சுவார்கள். பதநீரில் பெரும்பகுதி தண்ணீர். ஆகையால் அது 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கத் தொடங்கும். தண்ணீர் ஆவியாகப் போகப் போக, இனிப்பு மிஞ்சும். பாகு இறுகும்.

இங்கே ஒரு வேடிக்கை! வெறும் தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும், அதன் உஷ்ணம் 100 டிகிரிக்கு மேலே போகாது. ஆனால் பாகு அப்படி அல்ல. இனிப்பு கூடக்கூட அதன் கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகும். கருப்பட்டிப் பதம் வரும்போது 115 டிகிரியையும் தாண்டிவிடும். கொதிக்கும் தண்ணீர் பட்ட புண்ணைவிடப் பாகு பட்ட புண் ஆழமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். பாகு தோலில் ஒட்டிக்கொள்வது மற்றொரு காரணம்.

பதநீர் பொங்கி வழியாமல் இருக்க, ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவது பழைய வழக்கம். விதையில் உள்ள எண்ணெய் நுரையை அடக்கிவிடும். விஞ்ஞானப் புத்தகம் படிக்காத பெண்கள் அனுபவத்தில் கண்ட விஞ்ஞானம் இது!

மலையில் வேகாத பருப்பு

கொதிநிலை என்பது எல்லா இடத்திலும் ஒன்றுதானா? இல்லை. காற்றின் அழுத்தத்தைப் பொறுத்து அது மாறும்.

தூத்துக்குடி கடற்கரையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கொடைக்கானல் மலையிலோ சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீரை அமுக்கிப் பிடிக்கும் பலம் குறைவதால், அது சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. மலைமேல் சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான்.

பிரஷர் குக்கரில் நடப்பது இதற்கு நேர் எதிர். நீராவி வெளியேறாமல் உள்ளேயே அமுங்கி நிற்கிறது. அழுத்தம் ஏறுகிறது. தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறிய பிறகுதான் கொதிக்கிறது. அதனால் பருப்பு சீக்கிரம் வெந்துவிடுகிறது.

அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை இறங்கும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

கொதிக்காமலே ஆவியாகும்

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள், சாலை ஓரத்தில் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். உப்பு உற்பத்தியில் இந்தியாவில் முதல் மாநிலம் குஜராத். அதற்கு அடுத்தபடியாக நிற்பது தமிழ்நாடு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடிப் பக்கத்தில் விளைகிறது.

உப்பளத்தில் அடுப்பு உண்டா? கொதிகலன் உண்டா? ஒன்றும் இல்லை. பாத்தியில் தண்ணீரைக் கட்டி வைக்கிறார்கள். வெயிலும் காற்றும் வேலை செய்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போகிறது. உப்பு கீழே நிற்கிறது. பாத்தித் தண்ணீர் ஒருநாளும் 100 டிகிரியை எட்டுவதில்லை. ஆனாலும் ஆவியாகிறது!

ஆக, ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. எந்தத் திரவமும், கொதிநிலைக்கு வெகு கீழேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரின் ஆவியால் ஆபத்து இல்லை. பெட்ரோலின் ஆவி? அங்கேதான் அபாயம் தொடங்குகிறது.

தீப்பற்று நிலை என்றால் என்ன?

விளக்கில் மண்ணெண்ணெய் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது மண்ணெண்ணெய் அல்ல, மண்ணெண்ணெயின் ஆவி! திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. சுடரின் உஷ்ணத்தில் எண்ணெய் ஆவியாகிறது. அந்த ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. காற்றடித்து ஏற்றும் ஸ்டவ்வில், முதலில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவது எதற்காக? குழாயைச் சூடாக்கி மண்ணெண்ணெயை ஆவியாக்குவதற்காகத்தான்.

ஒரு திரவம், தீ பற்றும் அளவுக்குப் போதுமான ஆவியை விடத் தொடங்கும் உஷ்ணமே தீப்பற்று நிலை.

இதைச் சோதிக்க ஒரு கருவி உண்டு. மூடிபோட்ட கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி மெல்லச் சூடாக்குவார்கள். அவ்வப்போது மூடியின் துவாரத்தைத் திறந்து சிறு சுடரைக் காட்டுவார்கள். எந்த உஷ்ணத்தில் உள்ளே 'பளிச்'சென்று ஒரு மின்னல் ஓடுகிறதோ, அதுவே அந்த எண்ணெயின் தீப்பற்று நிலை. இந்தக் கருவியை அமைத்தவர் இங்கிலாந்து தேசத்து ரசாயன நிபுணர் பிரெடரிக் ஆபெல். மட்டமான மண்ணெண்ணெயால் வீடுகளில் விளக்குகள் வெடித்து ஜனங்கள் மடிந்த காலம் அது. 1879ஆம் ஆண்டில் இந்தச் சோதனை அங்கே சட்டமாயிற்று. இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் தீப்பற்று நிலையை வைத்தே எண்ணெய்களைத் தரம் பிரிக்கிறது. 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றுபவை 'ஏ' வகுப்பு. மிகவும் ஆபத்தானவை அவைதான்.

சில திரவங்களின் தீப்பற்று நிலையைப் பாருங்கள்:

பெட்ரோல் – பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி.
நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் – பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரி.
சுத்தமான ஸ்பிரிட் – சுமார் 13 டிகிரி.
மண்ணெண்ணெய், டீசல் – 35 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தர விதி.
கப்பலில் எரிக்கும் எண்ணெய் – 60 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேச விதி.
சமையல் எண்ணெய்கள் – 200 டிகிரிக்கும் மேல்.

இந்தக் கணக்கு சொல்வது என்ன? பெட்ரோல், பனிக்கட்டிமேல் வைத்தாலும் தீப்பற்றும். அதற்குச் சூடே தேவையில்லை. ஒரு பொறி போதும். கை கழுவும் சானிடைசரும் ஸ்பிரிட்தான். அதைத் தடவிய ஈரம் காய்வதற்குள் அடுப்பருகே போவது ஆபத்து.

மண்ணெண்ணெய் சற்றுச் சாது. ஆனால் தூத்துக்குடிச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். நிழலிலேயே 38 டிகிரி வரை போகும். வெயிலில் கிடக்கும் தகர டின் அதைவிடச் சூடாகும். காலையில் சாதுவாக இருந்த மண்ணெண்ணெய், நடுப்பகலில் சாதுவாக இருக்கும் என்று நம்ப முடியாது.

கலப்படம் செய்யும் கொலை

மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் என்ன ஆகும்? பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. விளக்கும் எரியும். ஆனால் தீப்பற்று நிலை மடமடவென்று இறங்கிவிடும். விளக்கின் வயிற்றுக்குள்ளேயே, பற்றக்கூடிய ஆவி சேர்ந்துவிடும். வெளியே எரிய வேண்டிய தீ உள்ளே பாய்ந்துவிடும்.

எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றுவதும் அப்படித்தான். ஸ்டவ் சூடாக இருக்கிறது. ஊற்றிய எண்ணெய் உடனே ஆவியாகிறது. பக்கத்திலேயே சுடர் இருக்கிறது. பிறகு கேட்க வேண்டுமா?

இன்று பல வீடுகளில் மண்ணெண்ணெய் இல்லை. அந்த இடத்துக்குப் பெட்ரோல் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளுக்காகப் பாட்டிலில் வாங்கி வைக்கிறார்கள். ஈரக் குப்பை எரியவில்லை என்று அதில் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். ஊற்றிவிட்டுத் தீக்குச்சியைத் தேடும் அந்த அரை நிமிஷத்தில், ஆவி காலைச் சுற்றிப் படர்ந்துவிடுகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழும். தீக்குச்சியைக் கிழித்ததும் குப்பை மட்டுமா பற்றுகிறது? கொளுத்தியவரின் வேட்டியும் சேலையும் பற்றுகின்றன.

காலி டின்னைக் கண்டு ஏமாறாதீர்கள்!

"டின் காலிதானே, பயம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில், நிறைந்த டின்னைவிடக் காலி டின் பொல்லாதது!

ஆவி எரியக் காற்று வேண்டும். நூறு பங்கில் ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே அது தீப்பற்றும். சுமார் எட்டுப் பங்குக்கு மேல் போனால், காற்று போதாமல் பற்றாது. நிறைந்த டின்னில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டின்னிலோ, அடியில் ஒட்டிய நாலு சொட்டும் உள்ளே புகுந்த காற்றும் சரியான அளவில் கலந்து நிற்கின்றன. அது டின் அல்ல, வெடிகுண்டு! பழைய பீப்பாய்களை வெல்டிங் வைத்து வெட்டும் தொழிலாளர்கள் இதை மறக்கவே கூடாது. முறைப்படி கழுவி, ஆவியை முற்றிலும் நீக்காமல் அவற்றில் தீயைக் காட்டக்கூடாது.

ஜெய்ப்பூரில் நடந்தது

ஆவியின் பலத்தை இந்தியா கண்ணாரக் கண்ட நாள் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 29ந் தேதி. ஜெய்ப்பூர் நகரை அடுத்த சீதாபுராவில் உள்ள எண்ணெய்க் கிடங்கு. அன்று மாலை ஒரு தொட்டியின் குழாயிலிருந்து பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கசிவு நிற்கவில்லை. உடனே தீப்பற்றவும் இல்லை. ஆவி மட்டும் மேகம்போல் கிடங்கு முழுவதும் பரவியது.

எங்கோ ஒரு பொறி. அவ்வளவுதான்! அந்த மேகம் முழுவதும் ஒரே வீச்சில் வெடித்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். தொட்டிகள் பல நாட்கள் எரிந்தன. கசிந்த இடம் ஒன்று, சேதம் நெடுந்தூரம். காரணம், பரவியது ஆவி.

அமுங்கிக் கிடக்கும் பூதம்

குக்கரில் அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும் என்று பார்த்தோம். சமையல் கேஸ் சிலிண்டரின் ரகசியமும் அதுதான்.

சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. புரோப்பேனின் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி. பியூட்டேனுக்குப் பூஜ்யத்தை ஒட்டி. நம் ஊர் உஷ்ணத்தில் இரண்டுமே கொதித்து வாயுவாகிவிடும். ஆனால் சிலிண்டரில் அழுத்தி அடைத்திருப்பதால் திரவமாகக் கிடக்கின்றன. சிலிண்டரை அசைத்தால் 'சளக்' என்ற உணர்வு தெரிகிறதல்லவா? அது இந்தத் திரவம்தான். வால்வைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது; திரவம் கொதிக்கிறது; வாயு வருகிறது. ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். இதுவும் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் ஒரு துர்நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ந் தேதி விடியற்காலை. மதுரை ரெயில் நிலையத்துக்கு அருகே, லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் ரெயில் பெட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. விதிக்கு மாறாக உள்ளே கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்திருந்தார்கள். தேநீர் போடும்போது தீப்பிடித்தது. 9 பேர் உயிரிழந்தார்கள். அடைத்த பெட்டி, தேங்கிய வாயு, ஒரு சுடர் – இவை மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காலை சாட்சி.

எரிந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. பனிக்கட்டி ஆலைகளிலும், மீன் பதனிடும் ஆலைகளிலும் குளிரூட்டப் பயன்படுவது அம்மோனியா. அதன் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி. வெளியே கசிந்தால் அந்த நிமிஷமே கொதித்து ஆவியாகும். மூக்கையும் கண்ணையும் நெஞ்சையும் தாக்கும். 2024ஆம் ஆண்டு ஜூலையில், தூத்துக்குடிக்கு அருகே மீன் பதனிடும் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்தது. வேலையில் இருந்த பெண்கள் பலர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கொதிநிலை என்ற ஒரு எண்ணுக்குள் எத்தனை குடும்பங்களின் கவலை அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

குளிரில் உறையும் டீசல்

ஆவி இவ்வளவு தொல்லை தருகிறது என்றால், ஆவியே விடாத எண்ணெய் நல்லதா? அதுவும் இல்லை. எரிய மறுக்கும் எண்ணெயால் வண்டி ஓடாது.

இமயமலையில் லடாக் பிரதேசத்தில், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போகும் இடங்கள் உண்டு. நம் தேங்காய் எண்ணெயைப்போல், அங்கே சாதாரண டீசல் மெழுகு கட்டி நின்றுவிடும். ராணுவ லாரி ஆனாலும் நகராது. இதற்காகவே பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசல் 2019ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே வந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களில் வேறு கதை. அவற்றில் பல எரிக்கும் கனமான எண்ணெய், நம் ஊர் உஷ்ணத்திலேயே பாகுபோல் இருக்கும். கப்பலிலேயே அதைச் சூடாக்கி இளக்கித்தான் இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடிப்போக இடம் ஏது? ஆகவேதான் கப்பல் எண்ணெய்க்கு 60 டிகிரி என்ற கண்டிப்பான விதி.

தாய்மார்கள் கவனத்துக்கு

இத்தனையும் தெரிந்துகொண்டதன் பயன், வீட்டில் கடைப்பிடிக்கும் சில பழக்கங்களில்தான் இருக்கிறது.

பெட்ரோலை வீட்டில் வைக்காதீர்கள். எதையும் கொளுத்த அதை ஊற்றாதீர்கள்.

எரிகிற விளக்கிலும் ஸ்டவ்விலும் எண்ணெய் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

வடைச் சட்டியில் எண்ணெய் புகைய ஆரம்பித்தால், அது முதல் எச்சரிக்கை. அடுப்பைத் தணியுங்கள். சட்டி தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. 200 டிகிரிக்கு மேல் இருக்கும் எண்ணெயில் விழும் தண்ணீர், நொடியில் நீராவியாகி எண்ணெயைத் தீயோடு வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூடுங்கள். மூடியதைத் தொடாமல் ஆற விடுங்கள்.

கேஸ் வாடை வந்தால், மின்சார ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அதில் எழும் சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தீயணைப்புப் படைக்கு 101.

உடலில் தீப்புண் பட்டால் மை, மாவு, பற்பசை எதையும் தடவாதீர்கள். ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விடிலியில் பதநீர் காய்ச்சிய பாட்டிமார், எந்த நேரத்தில் பானை பொங்கும் என்று பார்த்த பார்வையிலேயே சொல்வார்கள். பதநீர் பொங்குவது கண்ணுக்குத் தெரியும். பெட்ரோலின் ஆவியோ கண்ணுக்குத் தெரியாது. வாடை ஒன்றுதான் அடையாளம். வீட்டில் பெட்ரோல் வாடையோ கேஸ் வாடையோ வந்தால் தீக்குச்சியைத் தொடக்கூடாது என்பதை இன்றே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.